ஊசி இல்லாத பர்னர்

எதை ஊற்றினாலும் எரியும் என்று ஓர் அடுப்பைப் பற்றிச் சொல்பவர், பெரும்பாலும் அதைக் கழற்றிப் பார்க்காதவராகவே இருப்பார். ஸ்வீடனின் ஆப்டிமஸ் நிறுவனம் 111 என்ற எண்ணில் விற்ற நீல நிற இரும்புப் பெட்டி அடுப்பு, பல கைகள் மாறும்போதும் இந்தப் பெருமையைக் கூடவே சுமந்து வந்திருக்கிறது. இங்கு ஆராயப்படும் அடுப்பு, மலையேற்றக் குழுவினர் ஊர் திரும்பும்போது விற்றுவிட்டுப் போகும் பொருள்களை வாங்கி விற்கும் காத்மாண்டு தமேல் பகுதிக் கடையொன்றிலிருந்து ஒரு தமிழ்க் குடும்பத்தின் பரணுக்கு வந்து சேர்ந்தது. அது ராணுவ அடுப்பு என்றும், பெட்ரோல், டீசல், ஸ்பிரிட் எதிலும் எரியும் என்றும் அதை வாங்கி வந்த தாய்மாமன் சொல்லிவந்ததை வீட்டார் அனைவரும் நினைவில் வைத்திருந்தனர். ஆனால் அவர் அதைப் பற்றவைத்துப் பார்த்ததாக ஒருவருக்கும் நினைவில்லை. தேடல் தொடங்கியது இந்த முரணிலிருந்துதான்.

ராணுவக் கதையை விலக்குவதில் அதிகச் சிரமம் இருக்கவில்லை. அமெரிக்கத் தரைப்படையின் எம்-1950 அடுப்பில் தயாரித்த நிறுவனத்தின் பெயரும் ஆண்டும் பொறிக்கப்பட்டிருக்கும். படைக்கென்று வாங்கப்படும் பொருள்களில் இத்தகைய முத்திரை ஏதேனும் இருப்பது வழக்கம். இந்தப் பெட்டியில் அப்படி எதுவும் இல்லை. எரிபொருள் பற்றிய கூற்றே கடினமானதாக இருந்தது. ஏனெனில் 111 என்பது ஒரே தோற்றமுடைய பல அடுப்புகளுக்குப் பொதுவான எண்: வெறும் 111 மண்ணெண்ணெய்க்கும், 111பி பெட்ரோலுக்கும், 111டி மூவகை எரிபொருளுக்கும் உரியவை. இவற்றுள் 111டி, சுடர் பல சிறு துளைகளின் வழியே ஓசையின்றி வெளிவரும் சைலன்ட் பர்னர் கொண்டது. பரணிலிருந்து இறங்கியதோ, வாயு ஒரு சிறு தட்டில் மோதிச் சிதறி இரைச்சலோடு எரியும் வகை. ஆகவே மூவகை எரிபொருள் என்ற பெருமை அப்போதே பாதி போயிற்று. மண்ணெண்ணெயா, பெட்ரோலா என்பது மட்டும் எஞ்சியது. மூடியின் உட்புறத்தில் ஒட்டப்பட்டிருந்த தாளோ வெந்து கருகிவிட்டிருந்தது.

ஆண்டைக் கண்டுபிடித்தால் வகையும் தெரியும் என்ற எண்ணத்தில், பித்தளைத் தொட்டியின் அடியில் ஆண்டைக் குறிக்கும் எழுத்து உண்டா என்று தேடியது வீண் வேலையாக முடிந்தது. 1911 முதல் ஆண்டுக்கு ஓர் எழுத்தாகப் பொறித்த வழக்கம் பிரைமஸ் நிறுவனத்தினுடையது. அதன் திரவ எரிபொருள் அடுப்புத் தொழிலை ஆப்டிமஸ் வாங்கியது 1962இல்தான். பிரைமஸின் எழுத்து அட்டவணையைக் கொண்டு ஆப்டிமஸ் தொட்டியைப் படிக்க முயல்வது, பக்கத்து வீட்டுக் குழந்தையின் ஜாதகத்தை வைத்து நம் வீட்டுக் குழந்தைக்குப் பெயர் வைப்பதை ஒத்தது.

அடுத்த சாட்சி, வாயு வெளிவரும் நுண்துளையுள்ள நிப்பிள். மண்ணெண்ணெய் ஏறத்தாழ 150 முதல் 300 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பத்தில் ஆவியாகிறது. அந்த ஆவி பெட்ரோல் ஆவியைவிடக் கனமானது, முழுமையாக எரிய அதிகக் காற்றைக் கேட்பது. எனவே அதற்குச் சிறிய துளை போதும், துளை பெரிதானால் சுடர் மஞ்சளாகிப் புகையும். இன்றைய பிரைமஸ் ஆம்னிஃபியூயல் அடுப்போடு வரும் மூன்று நிப்பிள்களே இதற்குச் சான்று: மண்ணெண்ணெய்க்கும் டீசலுக்கும் 0.28 மில்லிமீட்டர், சுத்திகரித்த பெட்ரோலுக்கு 0.37, சமையல் வாயுவுக்கு 0.45. தமேல் அடுப்பின் நிப்பிளில் 0.28 கம்பி நுழைந்தது, 0.30 கம்பி நுழையவில்லை. இது மண்ணெண்ணெயைச் சுட்டியது. ஆனால் தொட்டியின் மூடியில், அழுத்தம் மிகும்போது தானே திறந்துகொள்ளும் வில் வைத்த பாதுகாப்பு வால்வு இருந்தது. இது பெட்ரோல் அடுப்பின் அடையாளம். நம் வீட்டுப் பம்பு ஸ்டவ்வில் காற்றைத் திறந்துவிட்டு அணைக்கும் திருகு உண்டல்லவா, பெட்ரோல் அடுப்பில் அதை வைத்தால் வெளியேறும் ஆவி அருகிலுள்ள சுடரில் பற்றிக்கொள்ளும் என்பதால் அதைத் தவிர்ப்பார்கள். ஆக, மூடி ஒன்றைச் சொல்ல நிப்பிள் வேறொன்றைச் சொன்னது.

இந்த இடத்தில்தான் கடைவீதியில் பம்பு ஸ்டவ் பழுதுபார்த்து வாழ்ந்து, இப்போது குக்கருக்கும் கேஸ் அடுப்புக்கும் மாறிவிட்ட முதியவர் ஒருவர் விசாரணைக்குள் வந்தார். அட்டவணை எதையும் காதில் வாங்காமல், பர்னரைத் தட்டி உதிர்ந்த கரியை விரல்களுக்கிடையே நசுக்கிப் பார்த்து, கிருஷ்ணாயில் என்று ஒரே சொல்லில் தீர்ப்பளித்தார். மூடியைக் காட்டி மறுத்தபோது அவர் சொன்ன பதில்: "மூடிய யார் வேணாலும் மாத்தலாம் சார், கரிய யார் மாத்துறது?" மண்ணெண்ணெய் ஆவியாகும் குழாயில் கரி கெட்டியாகப் படிவது உண்மைதான் என்றாலும், அது கடைசியாக எரிந்த எண்ணெயைக் காட்டுமேயன்றி அடுப்பு எதற்காகப் பிறந்தது என்பதைக் காட்டாது. அவருக்கோ அந்தக் கேள்வியே தேவையற்றதாகப் பட்டது. எரிந்ததுதான் அடுப்பு என்பது அவர் கட்சி.

அவரிடமே பர்னர் முழுமையாகக் கழற்றப்பட்டபோது முரண் அவிழ்ந்தது. சுடரைக் கூட்டிக் குறைக்கும் தண்டின் முனையில் நுண்ணிய பற்கள் இருந்தன. அப்பற்களில் கோத்து, தண்டைத் திருப்பும்போது மேலெழுந்து நிப்பிளின் அடைப்பை உள்ளிருந்தே குத்தி நீக்கும் ஊசி ஒன்று இருக்க வேண்டும், அது இல்லை. நிப்பிளிலும் எந்த முத்திரையும் காணப்படவில்லை. உள்ஊசியின் தடிமன் நிப்பிளின் துளைக்குப் பொருந்தியாக வேண்டும் என்பதால், சிறிய துளையுள்ள உள்ளூர் நிப்பிளைப் பொருத்திய யாரோ ஒருவர், பொருந்தாத பழைய ஊசியை எடுத்து எறிந்துவிட்டு, வெளியிலிருந்து ஸ்டவ் பின் கொண்டு குத்திக்கொண்டார் என்று கொள்வதே பொருத்தம். பிறப்பில் 111பி, வாழ்வில் மண்ணெண்ணெய் அடுப்பு.

இதற்கு மலையிலேயே காரணமும் உண்டு. 1976இல் நிறுவப்பட்ட சாகர்மாதா தேசியப் பூங்காவில் காடு அழியாமலிருக்க மலையேற்றக் குழுக்கள் விறகு எரிப்பது தடுக்கப்பட்டு, எரிபொருளைத் தாமே கொண்டுவர வேண்டும் என்றாயிற்று. சுமைகாரர்களின் முதுகில் அப்படி மேலேறியது பெரும்பாலும் மண்ணெண்ணெய். பெட்ரோல் அடுப்போடு வந்தவருக்கு, நிப்பிளை மாற்றுவது அல்லது பட்டினி என்ற நிலைதான் இருந்திருக்கும். இதை உணர்ந்தபின், அடுப்பு வெளிவந்த ஆண்டைவிட, பெயர் தெரியாத அந்த மலைநாட்டுக் கையின் வேலையே மதிப்புடையதாகத் தோன்றியது; ஆகவே அசல் ஊசியைத் தேடிப் பொருத்தி அடுப்பைப் பிறந்த நிலைக்குத் திருப்பும் திட்டம் கைவிடப்பட்டது.

சீரமைப்பு அந்த முடிவுக்கு ஏற்ப நடந்தது. பர்னரை மங்கிய சிவப்பாகக் காய்ச்சித் தண்ணீரில் அமிழ்த்தியபோது கரி செதில் செதிலாக உதிர்ந்தது. தொட்டியில் சிட்ரிக் அமிலக் கரைசலைச் சிறிது நேரமே விட முடிந்தது, நெடுநேரம் கிடந்தால் பித்தளையிலுள்ள துத்தநாகம் கரைந்து உலோகம் இளஞ்சிவப்பாகி வலுவிழக்கும். பம்பின் தோல் வாஷர் எண்ணெயில் ஊறிப் பழைய விரிவைப் பெற்றது. பர்னரின் இணைப்புக்குப் புதிய ஈய வாஷர், தண்டுக்குப் புதிய கிராஃபைட் பேக்கிங், மூடி வால்வுக்குப் புதிய ரப்பர். காற்றடித்த தொட்டியைத் தண்ணீரில் மூழ்கடித்துக் குமிழி வராததை உறுதிசெய்த பின்னரே மண்ணெண்ணெய் ஊற்றப்பட்டது. கிண்ணத்தில் ஸ்பிரிட் எரிந்து முடியும் தறுவாயில் தண்டைத் திறக்க, இரண்டொரு மஞ்சள் நாக்குகளுக்குப் பின் சுடர் நீலமாகி இரையத் தொடங்கியது. தாய்மாமன் சொன்ன ஸ்பிரிட்டை இந்தத் துளையில் எரித்துப் பயனில்லை; மண்ணெண்ணெய் கிலோவுக்கு ஏறத்தாழ 43 மெகாஜூல் வெப்பம் தரும்போது அது 27தான் தரும் என்பதால் பெரிய துளை வேண்டும்.

முதியவருக்கு ஒரே ஒரு குறை இருந்தது: காற்றைத் திறந்துவிடும் திருகு இல்லாத ஸ்டவ் அவர் கணக்கில் பாதி ஸ்டவ். மூடியில் துளையிட்டு ஒன்றைப் பொருத்தித் தருவதாக அவர் எவ்வளவோ வற்புறுத்தியும், அதற்கு மட்டும் சம்மதம் கிடைக்கவில்லை.