அந்தக் கைநாட்டு



இன்று நவம்பர் 9, தேசிய சட்டப் பணிகள் தினம். பல வருஷமாக மனசில் கிடக்கும் ஒன்றை இன்றாவது சொல்லிவிடுகிறேன்.

1998. எட்டாம் வகுப்பில் ஒரு பையன் பத்து நாளாக வரவில்லை. குறவர் குடியிருப்பில் வீடு. அப்பா கூடை முடைபவர். போய் விசாரித்தால், பக்கத்து ஊரில் பட்டப்பகலில் நகை திருடு போனதற்கு அவரைப் பிடித்துப் போயிருந்தார்கள். திருடியதைப் பார்த்தவர் யாருமில்லை. குறவர் என்பதே போதுமாக இருந்தது. 1871-இல் வெள்ளைக்காரன் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1952-இல் ஒழிந்தது. சந்தேகம் ஒழியவில்லை.

பையனோடு கோர்ட்டுக்குப் போனேன். அப்பாவுக்கு வக்கீல் இல்லை. தேதி சொல்லிக் குற்றச்சாட்டை வாசித்து, ஒப்புக்கொள்கிறாயா என்று கேட்டார்கள். தலையாட்டினார். ஆறு மாதம் தண்டனை. வேனில் ஏறும்போது, "ஒத்துக்கிட்டா சீக்கிரம் விட்டுருவாங்கன்னு சொன்னாங்க சார்" என்றார்.

அடுத்த வாரம் உதவித்தொகைப் படிவங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். ஒன்றில் அவருடைய கைநாட்டு. பக்கத்தில் என் கையெழுத்து, தேதி. கோர்ட்டில் வாசித்த அதே தேதி! அன்று காலையிலிருந்து மதியம்வரை அவர் எங்கள் பள்ளிக்கூட வராந்தாவில் வரிசையில் நின்றிருந்தார். ஒரு வக்கீல் இருந்திருந்தால் முதல் கேள்வியே, "அன்னிக்கு எங்கே இருந்தே?" என்பதாகத்தான் இருந்திருக்கும்.

யாரிடம் காட்டுவது என்று தெரியவில்லை. "நமக்கெதுக்கு சார் வம்பு" என்றார்கள் கூட இருந்தவர்கள். நானும் பேசாமல் இருந்துவிட்டேன். பையன் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பவே இல்லை.

அடிப்படை உரிமைகளை உங்களை மனப்பாடம் செய்ய வைத்தவன் நான். ஆனால் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 1995 முதல் நடைமுறையில் இருந்தது எனக்கே தெரியாது. ஏழைக் குற்றவாளி கேட்காவிட்டாலும், இலவச வக்கீல் உண்டு என்பதை நீதிமன்றமே அவருக்குச் சொல்ல வேண்டும். சொல்லாமல் கொடுத்த தண்டனை செல்லாது என்று 1986-இல் சுக் தாஸ் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது.

பிள்ளைகளே, இதையாவது குறித்துக்கொள்ளுங்கள். காவலில் இருப்பவர்கள், பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. தாலுகா கோர்ட்டிலேயே வட்டச் சட்டப் பணிகள் குழு இருக்கிறது. போன் 15100. தெரியாதவர்களுக்கு நீங்கள் சொல்லுங்கள்.

அந்தப் பையன் யாரென்று அவனோடு படித்தவர்களுக்குத் தெரியும். பெயரை இங்கே எழுத வேண்டாம். இப்போது எங்கே இருக்கிறான் என்று தெரிந்தால் எனக்குத் தனியாகச் சொல்லுங்கள். நேரில் போய்ப் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்