மூன்று நாள், நான்கு நிறம், ஒரு கட்டில்

பேய்ப் படம் பார்த்துப் பயப்படுகிற ரகம் இல்லை நான். பாதிப் படத்திலேயே, இந்தப் பேய்க்கு மேக்கப் போட எத்தனை மணி நேரம் ஆகியிருக்கும் என்று கணக்குப் போட ஆரம்பித்துவிடுவேன். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் கடுப்பாவார்கள் :-)

அப்பேர்ப்பட்ட என்னையும் தீப்பெட்டி சைஸ் ஆட்டம் ஒன்று போன வாரம் அசைத்துவிட்டது. அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

ஆட்டத்தின் பெயர் டெடியஸ். இஸ்மா என்ற பெயரில் இயங்குகிறவர் 2019-ல் வெளியிட்டது. இட்ச் டாட் ஐஓ தளத்தில் இருக்கிறது. எதையும் இறக்க வேண்டாம், நிறுவ வேண்டாம், உலாவியிலேயே ஓடும். காசு கொடுத்தே ஆகவேண்டும் என்றும் இல்லை. (மாணவர் சமுதாயம் கவனிக்க!)

கதை இதுதான். ஒரு சின்னக் கிராமம். அதில் ஒரு பையன். அவனுக்கு ஒரு கெட்ட கனவு வருகிறது. இன்னும் மூன்று நாளில் எல்லோரும் செத்துப்போவார்கள் என்கிறது அந்தக் கனவு. பையன் விழித்துக்கொள்கிறான். அதற்கு மேல் எல்லாம் நம் கையில். ஊரைச் சுற்றலாம், ஆட்களோடு பேசலாம், மூலை முடுக்கெல்லாம் துருவலாம். நாம் செய்வதைப் பொறுத்து மொத்தம் 11 முடிவுகள். எதையும் இங்கே போட்டு உடைக்கப்போவதில்லை, தைரியமாக மேலே படிக்கலாம்.

இது கேம்பாய்க்காகச் செய்த ஆட்டம். நிண்டெண்டோ 1989-ல் விட்ட அந்தச் செங்கல் சைஸ் பெட்டிதான். திரையில் குறுக்கே 160 புள்ளி, நெடுக்கே 144 புள்ளி. நிறம் நான்கே நான்கு. அதுவும் தனித்தனி நிறம் இல்லை, வெளிறியதில் தொடங்கிக் கறுப்பு வரைக்கும் ஒரே நிறத்தின் நான்கு சாயல். திரையை 8-க்கு 8 புள்ளிச் சதுரங்களாக வெட்டினால் மொத்தமே 360 சதுரம்தான் வரும். வீடு, மரம், வேலி, மனுசன் எல்லாம் அதற்குள் அடங்கவேண்டும். ஒரு ஆளுக்குக் கண் என்றால் ஒரு புள்ளி, மிஞ்சிப்போனால் இரண்டு. சத்தத்துக்கும் நான்கே தடங்கள், அதில் ஒன்று வெறும் இரைச்சலுக்கு.

இன்றைக்கு இருக்கிற கணினியை வைத்துக்கொண்டு எதற்கு இந்தச் சிறைவாசம் என்று கேட்கலாம். ஒரு காரணம், தனி ஆளால் செய்து முடிக்க முடிகிறது. கிறிஸ் மால்ட்பி என்பவர் 2019-ல் ஜிபி ஸ்டூடியோ என்று ஒரு இலவச மென்பொருள் வெளியிட்டார். நிரல் எழுதத் தெரியாதவர்கள்கூட அதில் இழுத்துப்போட்டு, அடுக்கிவைத்து கேம்பாய் ஆட்டம் செய்துவிடலாம். உலாவியில் ஓடுகிற வடிவத்தையும் அதுவே எடுத்துத் தரும். டெடியஸ் அப்படிப் பிறந்ததுதான். ஃப்ளாஷுக்கு அடோபி 2020 டிசம்பரோடு மங்களம் பாடிவிட்டது. நம் அண்ணன்மார் காலத்து உலாவிப் பேய்கள் பல அதோடு மூட்டை கட்டின. அந்த இடத்துக்கு இப்போது இந்த மாதிரிக் குட்டிப் பேய்கள் வந்திருக்கின்றன.

இன்னொரு காரணம் எல்லோரும் சொல்வது. படம் மங்கலாக இருந்தால் மிச்சத்தை நம் மூளையே வரைந்துகொள்ளும், அது வரைவதுதான் அதிகப் பயம். உண்மைதான். 1982-ல் இசட்எக்ஸ்81 கணினிக்கு 3டி மான்ஸ்டர் மேஸ் என்று ஒரு ஆட்டம் வந்தது. மால்கம் எவான்ஸ் எழுதியது. கறுப்பு வெள்ளைக் கட்டங்களால் ஆன புதிர்ப்பாதை, உள்ளே ஒரு டைனோசர். அந்தக் கணினியில் சத்தம் என்பதே கிடையாது. காலடி நெருங்குகிறது என்று திரையில் எழுத்துதான் வரும். அதைப் படித்தே மக்கள் அலறியிருக்கிறார்கள்.

ஆனால் என்னை அசைத்தது மங்கலான படம் இல்லை. அந்தப் பையனின் கட்டில்.

டெடியஸில் கடிகாரம் தானாக ஓடாது. எவ்வளவு நேரம் சுற்றினாலும் முதல் நாள் முதல் நாளாகவே நிற்கும். நாள் நகரவேண்டும் என்றால் பையன் வீட்டுக்கு வந்து கட்டிலில் படுக்கவேண்டும். படுக்கவைக்கிறது யார்? நாம்தான். மூன்று நாள் என்றால் நாம் பொத்தானை அழுத்துகிற மூன்று அழுத்தல்.

இந்தக் கட்டில் எனக்கு முன்பே தெரியும்.

2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலை. பரீட்சை எழுதாமலே ஒன்பதாம் வகுப்பில் ஆல்பாஸ் ஆன கும்பலில் நானும் ஒருவன். அப்பா 9 நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். உள்ளே யாரையும் விடமாட்டார்கள். காலை எட்டு மணி வாக்கில் வார்டிலிருந்து போன் வரும். ஆக்சிஜன் அளவைச் சொல்வார்கள். 91. மறுநாள் 88. அதற்கு மறுநாள் 90. அந்த ஒரு எண்தான் அன்றைய செய்தி. எண் வந்துவிட்டால் பகல் எப்படியோ ஓடிவிடும். இனி நாளைக் காலைதானே?

ராத்திரிதான் வினை. தூங்கினால் காலை வந்துவிடும். காலை வந்தால் போன் வந்துவிடும். அம்மா படுக்கச் சொல்வார், நான் ஏதோ படிப்பதாகச் சொல்வேன். (ஆல்பாஸ் ஆனவனுக்கு என்ன படிப்பு?) அவரும் படுக்கமாட்டார். பதினொரு மணிக்கு இட்லிப் பானையை எடுத்துப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருப்பார். சாயங்காலமே தேய்த்துக் கவிழ்த்த பானை. எதற்காக விழித்திருக்கிறோம் என்று இரண்டு பேருக்கும் தெரியும். பேசிக்கொண்டதில்லை. இன்றுவரை பேசிக்கொண்டதில்லை.

அப்பா பத்தாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டார். இப்போது காலையில் நடைபயிற்சி போவது, வந்ததும் என்னைத் திட்டுவது, இரண்டையும் தவறாமல் செய்கிறார்.

கொரோனாக் காலத்தை வைத்து எத்தனையோ படம், கதை வந்துவிட்டன. ஆம்புலன்ஸ் சத்தம், வெறிச்சோடிய தெரு எல்லாம் சரியாகக் காட்டினார்கள். எங்கள் வீட்டு ராத்திரியை மட்டும் நான் எதிலும் பார்க்கவில்லை. கொரோனா என்ற பேரையே ஊர் கேள்விப்படாத 2019-ல், யாரோ ஒருத்தர் 360 சதுரத்துக்குள் அதைச் செய்துவைத்திருக்கிறார்.

விளையாட்டில் இரண்டாம் நாள். பார்க்கவேண்டியதைப் பார்த்தாயிற்று, கேட்கவேண்டியதைக் கேட்டாயிற்று. பையனைக் கட்டில் பக்கத்தில் நிறுத்திவிட்டேன். ஒரு பொத்தான்தான் பாக்கி. விரல் போகவில்லை. திருப்பி வெளியே கூட்டிக்கொண்டு போனேன். ஏற்கெனவே பேசிய ஆட்களிடமே போய் மறுபடி பேசினேன். அவர்களும் சொன்னதையே சொன்னார்கள். இன்னொரு சுற்றுப் போனேன். அதே வார்த்தை, அதே முகம், அதே ரெண்டு புள்ளிக் கண். தேய்த்த பானையைத் திரும்பத் தேய்க்கிற வேலை.

அப்போதுதான் ஒன்று உறைத்தது. தூங்காமல் இருந்தால் நாளையைத் தள்ளிப்போடலாம் என்று அந்த மே மாதம் நான் நிஜமாகவே நம்பினேன். வாழ்க்கையில் அது நடக்காது, கண்ணைத் திறந்து வைத்திருந்தாலும் விடிந்துவிடும். இந்த ஆட்டத்தில் நடக்கும். பையனை இரண்டாம் நாளிலேயே வைத்துக்கொள்ளலாம், எத்தனை வருசம் வேண்டுமானாலும். ஊரில் ஒருத்தர்கூடச் சாகமாட்டார்கள். ஆனால் ஒருத்தர்கூடப் புதிதாக ஒரு வார்த்தை பேசவும் மாட்டார்கள். 88-க்கு அப்புறம் 90 வந்ததே, அதுவும் ஒரு ராத்திரியைத் தாண்டித்தான் வந்தது. தள்ளிப்போட்டிருந்தால் 88-லேயே நின்றிருப்போம்.

பையனைப் படுக்கவைத்தேன்.

மூன்றாம் நாள் என்ன ஆனது என்று சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். இதுவரை மூன்று முடிவு பார்த்திருக்கிறேன். ஒரு முடிவுக்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது, செமஸ்டர் கெடாது.

விளையாடுகிறவர்களுக்கு: ஹெட்போன் அவசியம். முடிவுகளின் பட்டியலை முன்கூட்டியே தேடிப் பார்க்காதீர்கள், சப்பென்று ஆகிவிடும். படம் பொம்மை மாதிரி இருக்கிறதே என்று வீட்டுக் குட்டிப் பசங்க கையில் கொடுத்துவிடாதீர்கள், ரத்தம் எல்லாம் உண்டு.

பேய் எப்படி இருந்தது என்று என்னிடம் சொல்ல வேண்டாம். இரண்டாம் நாள் ராத்திரி, கட்டில் பக்கத்தில் எவ்வளவு நேரம் நின்றீர்கள்? அதை மட்டும் சொல்லுங்கள்.