எந்த வருஷத்து அரியலூர்?

பெரம்பலூர் மாவட்டத்தில் ரயில் நிலையம் கிடையாது. ரயில் பிடிக்க அரியலூருக்கு பஸ் ஏற வேண்டும், இல்லாவிட்டால் திருச்சிக்குப் போக வேண்டும். அப்படிப்பட்ட ஊரில், துறைமங்கலம் பக்கம் ஒரு மாடி அறையில், மூன்று பேர் விருத்தாசலத்திலிருந்து திருச்சி வரை தண்டவாளம் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். எல்லாம் கம்ப்யூட்டருக்குள்தான். ஆனால் அந்த அறையில் பேச்சைக் கேட்டால் ரயில்வே கட்டுமானப் பிரிவில் நுழைந்துவிட்டோமோ என்று தோன்றும். பேங்க், கட்டிங், கிரேடியன்ட், மாஸ்ட் நம்பர் என்றுதான் வார்த்தைகள் விழுகின்றன.

மூவரில் மூத்தவருக்கு வீட்டு பிளான் வரைந்து கொடுப்பது தொழில். ஒருவர் மைன்ஸில் சர்வே வேலை பார்த்தவர். கடைசித் தம்பி கல்லூரி முடித்துவிட்டு ரயில்வே தேர்வுக்குப் படிக்கிறார். இவர்கள் கட்டுவதற்கு அந்த வட்டாரத்தில் பெயர் ‘ரூட்’. ஓட்டுவது ‘ஓப்பன் ரெயில்ஸ்’ என்ற இலவச சிமுலேட்டரில். 2001-ல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட ட்ரெய்ன் சிமுலேட்டரின் கோப்பு முறையை வைத்து வளர்ந்தது அது. அந்தப் பழைய விளையாட்டோடு வந்த ஆறு பாதைகளில் அமெரிக்கா, ஜப்பான், இங்கிலாந்து, ஆஸ்திரியா எல்லாம் இருந்தன, இந்தியா இல்லை. இந்திய ரூட் வேண்டும் என்றவர்கள் தாங்களாகவே கட்டிக்கொள்ள வேண்டியிருந்தது.

கட்டுவது என்றால் முதலில் மண். தண்டவாளமும் ஸ்டேஷனும் அதற்குப் பிறகுதான். மண் எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். மூத்தவர் ஒரு கோப்பைத் திறந்து காட்டினார். 2000 பிப்ரவரியில் எண்டவர் விண்வெளி ஓடம் 60 மீட்டர் நீளக் கம்பத்தை விரித்துக்கொண்டு, ரேடார் அலையால் பூமியின் நிலப்பரப்பில் பெரும்பகுதியை 11 நாட்களில் அளந்தது. எஸ்ஆர்டிஎம் என்பது அதன் பெயர். அட்சரேகை ஒரு டிகிரி, தீர்க்கரேகை ஒரு டிகிரி என்று உலகத்தைச் சதுரம் சதுரமாக வெட்டி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு சதுரத்திலும் 3601 வரிசை, ஒவ்வொரு வரிசையிலும் 3601 உயரங்கள். ஏறத்தாழ 30 மீட்டருக்கு ஒரு புள்ளி.

“எங்க கெட்ட நேரம் பாருங்க சார், 79 டிகிரி கோடு பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவுல போகுது. அரியலூர் ஸ்டேஷன் ஒரு கோப்புல, அங்கிருந்து கொஞ்ச தூரம் திருச்சிப் பக்கம் தள்ளுனா வேற கோப்பு. கல்லக்குடி கிட்ட 11 டிகிரியும் குறுக்க வந்துடுது.” அரியலூரைத் தனி மாவட்டமாகப் பிரித்து, சேர்த்து, மறுபடி பிரித்த அரசாங்கத்துக்குக்கூட இவ்வளவு கோடுகள் தேவைப்படவில்லை.

இந்தக் கோப்புகளில் உயரம் முழு மீட்டராகத்தான் இருக்கும். 71, 72, 73. பாதி மீட்டர் கிடையாது. இந்தச் சின்ன விஷயம் என்ன பாடு படுத்துகிறது என்பதைத் தம்பி ஓட்டிக் காட்டினார். வந்த மண்ணின் மேல் அப்படியே தண்டவாளத்தை விரித்து, 58 சிமெண்ட் வேகன்களைக் கோத்து, எஞ்சினைக் கிளப்பினார். அரியலூர் தாண்டியதும் ரயில் குலுங்கிக் குலுங்கி, ஓரிடத்தில் நின்றேபோனது. 30 மீட்டர் தூரத்தில் ஒரு மீட்டர் ஏறினால் அது 30-க்கு 1 ஏற்றம். மும்பைக்கும் புனேவுக்கும் இடையிலான போர் காட் மலைப்பாதையே 37-க்கு 1தான்; அங்கே பின்னாலிருந்து தள்ள பேங்கர் எஞ்சின் போடுகிறார்கள். நம் சமவெளிப் பாதை, கார்டு லைன் எனப்படும் இந்த விருத்தாசலம்-திருச்சித் தடம், அதைவிடச் செங்குத்தாகிவிட்டது.

அதனால் மண்ணை மழிக்க வேண்டும். எவ்வளவு மழிப்பது என்பதில்தான் கைத்தேர்ச்சி. ஒரேயடியாக மழித்தால் ஓடைகள் மறைந்துவிடும், பாலத்துக்கு அடியில் ஆறு இருக்காது. மழிக்காமல் விட்டால் ரயில் ஏறாது. இவர்கள் செய்வது வேறு வழி. தண்டவாளத்தின் ஏற்ற இறக்கத்தைத் தனியாகக் கண்டுபிடித்து அதை முதலில் போடுகிறார்கள். பிறகு சிமுலேட்டரின் எட்டு மீட்டர் கட்டங்களில் மண்ணை அதற்கேற்ப மேலே இழுக்கிறார்கள், கீழே அழுத்துகிறார்கள். ரயில்வேக்காரர்கள் மண்ணைக் கொட்டிக் கரை கட்டியதும் அதே வரிசையில்தான் நடந்திருக்கும்.

தண்டவாளத்தின் ஏற்ற இறக்கத்தை எங்கே கண்டுபிடிப்பது? அதற்குத்தான் என்னையும் கூட்டிக்கொண்டு அரியலூருக்குப் போனார்கள். சுண்ணாம்புக்கல் லாரிகளுக்கு நடுவே பைக்கில் போவது எனக்குப் பழக்கமில்லாத வீரம். அதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம்.

ஸ்டேஷன் மஞ்சள் பலகையில் ஊர்ப் பெயருக்குக் கீழே கடல் மட்டத்திலிருந்து உயரம் எழுதியிருக்கும். நாம் யாரும் படிப்பதில்லை. இவர்களுக்கு அதுதான் ஆணி. விருத்தாசலம், பெண்ணாடம், செந்துறை, அரியலூர், புள்ளம்பாடி, லால்குடி என்று ஒவ்வொரு ஸ்டேஷன் உயரத்தையும் ஒரு நோட்டில் குறித்துவைத்து, இடைப்பட்ட தூரத்துக்கு, ஏற்ற இறக்கம் காட்டும் கிரேடியன்ட் போஸ்ட்டுகளைப் பார்த்து நிரப்புகிறார்கள். பயணிகள் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்தே படித்துவிடலாம். தண்டவாளத்தில் இறங்கி நடப்பது குற்றம் என்பதால் அந்த வேலையே வேண்டாம் என்றார் மூத்தவர். மின்கம்பங்கள் இன்னொரு அளவுகோல். ஒவ்வொரு கம்பத்திலும் கிலோமீட்டரும் வரிசை எண்ணும் இருக்கும். நேர்பாதையில் இரண்டு கம்பங்களுக்கு நடுவே அதிகபட்சம் 72 மீட்டர். எடுத்த வீடியோவை நிறுத்தி நிறுத்தி, கம்பத்தை எண்ணி, ரயில்வே கேட் எங்கே, விசில் போர்டு எங்கே, ஓடைப் பாலம் எங்கே என்று இடம் பிடிக்கிறார்கள்.

அன்று ஸ்டேஷனுக்கு வெளியே டீக்கடையில் ஓய்வுபெற்ற கீமேன் ஒருவர் எங்களுக்காகக் காத்திருந்தார். கீமேன் என்பவர் தினமும் தன் பீட்டை நடந்து, தண்டவாளத்தைப் பிடித்திருக்கும் சாவிகளையும் இணைப்புகளையும் பார்த்துத் தட்டி இறுக்குபவர். தம்பி லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினார். பெரியவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, அரியலூரிலிருந்து திருச்சிப் பக்கம் ரயில் போவதைக் கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்தார்.

“இது என்னப்பா மேடு?”

தைலமரத் தோப்பு. ரேடார் அலை பெரும்பாலும் மரத்தின் மேல்பகுதியிலேயே பட்டுத் திரும்பியிருக்கிறது. மண்ணைச் சரியாகத் தொடவில்லை. அதனால் தோப்பு இருந்த இடம் ஒரு குன்றாகிவிட்டது. சிமெண்ட் ஆலையின் ப்ரீஹீட்டர் டவரும் அப்படித்தான் ஒரு கரட்டு மலையாகத் திரையில் நின்றது.

“பேங்க் இவ்வளவு நேரா இருக்காது தம்பி. இது கரிசல். வெயில்ல வெடிக்கும், மழையில ஊதும். கரை வருஷா வருஷம் உக்காரும், நாங்க ஜல்லிய அடிச்சுத் தூக்குவோம். அடுத்த வருஷம் மறுபடி உக்காரும்.” எந்தெந்த இடத்தில் என்று கேட்டதும் அவர் கம்ப எண் சொல்லவில்லை. ரயில்வே கேட், புளியமரம், அய்யனார் கோவில் என்று சொன்னார். தம்பி மூன்றையும் வரைபடத்தில் தேடிக் குறித்துக்கொண்டார். அந்த இடங்களில் தண்டவாளம் லேசாக அலையும்படி வைக்கப்போகிறாராம்.

மருதையாற்றுப் பாலத்தைப் பற்றிப் பேச்சு வந்ததும் பெரியவர் குரல் தாழ்ந்தது. 1956 நவம்பர் 23, விடியாத நேரம். பெருமழையில் பாலம் சேதமடைந்து, அரியலூரைத் தாண்டிய தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் விழுந்தது. 140-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகியது இந்த விபத்தை ஒட்டித்தான். பெரியவர் அப்போது குழந்தை. வேலைக்குச் சேர்ந்தபோது பழைய கேங்மேன்கள் சொல்லக் கேட்டதுதான். மழைக்கால ராத்திரிகளில் விளக்கும் டெட்டனேட்டரும் கையுமாக பேட்ரோல் நடக்கையில், அந்தப் பாலம் வந்தால் தண்ணீர் மட்டத்தை இரண்டு தரம் பார்ப்பாராம்.

உயரத் தரவில் இந்த ஆற்றைப் பார்ப்பது தனி அனுபவம். பச்சைமலையில் தொடங்கும் ஓடைகளை நிறம் பிரித்துக் காட்டச் சொன்னேன். பெரம்பலூர்ச் சரிவு முழுக்க மெல்லத் தென்கிழக்காகச் சாய்கிறது. கார்டு லைன் அந்தச் சாய்வுக்குக் குறுக்கே போகிறது. மலையில் விழுந்த மழை கொள்ளிடத்துக்குப் போக வேண்டுமென்றால் இந்தக் கரையைத் தாண்டித்தான் போக வேண்டும், பாலம் விட்டுவைத்த இடைவெளியில். 1920-களின் கடைசியில் இந்தப் பாதை திறக்கப்பட்டதிலிருந்து தண்ணீருக்கும் கரைக்கும் உள்ள கணக்கு இதுதான்.

மீட்டர்கேஜ், ஒற்றைத் தடம், நீராவி எஞ்சின், கைகாட்டி சிக்னல் எல்லாம் வைத்து 1956-ஐயே ஒரு பதிப்பாகக் கட்டலாமா என்று சர்வேக்காரர் ஒருமுறை கேட்டாராம். தம்பிதான் மறுத்திருக்கிறார். யாராவது அந்த ரயிலை ஓட்டிப் பார்ப்பான், விழுகிறதா என்று பார்ப்பான், அது வேண்டாம் என்று. எனக்கும் அதுவே சரியென்று பட்டது.

ஆனால் எந்த வருஷம் என்ற கேள்வி அதோடு முடியவில்லை. உண்மையில் இந்த ரூட்டின் பெரிய தலைவலியே அதுதான். கல்லங்குறிச்சிப் பக்கம் போனபோது புரிந்தது. சாலையோரம் வேலிக்கு அப்பால் நிலம் திடீரென்று முடிந்து, அடியில் வெளிறிய படிகளாக இறங்கும் மைன்ஸ் குழி. வெட்டுமுகத்தில் கையகலச் சிப்பிகள் அடுக்கடுக்காகத் தெரிகின்றன. கிரைஃபியா என்ற சிப்பி. ஏறத்தாழ ஏழு கோடி வருஷத்துக்கு முந்தைய கடலடி. 1939 முதல் கல்லக்குடியில் டால்மியா ஆலை, 1979-ல் அரசின் அரியலூர் ஆலை, பிறகு வரிசையாக மற்றவை. எல்லாம் இப்படிப்பட்ட பழைய கடலடியைத்தான் வெட்டி அரைத்து மூட்டையாக்கி, மூடிய வேகன்களில் ஏற்றி அனுப்புகின்றன. எஸ்ஆர்டிஎம்-க்கோ இது எதுவும் தெரியாது; அதன் கணக்கில் இன்னும் 2000 பிப்ரவரிதான். நாங்கள் நின்று எட்டிப் பார்த்த குழியின் பெரும்பகுதி அதில் சோளக்கொல்லையாகத்தான் இருக்கும்.

மாடி அறைக்குத் திரும்பியதும் சர்வேக்காரர் ஒரு வேலை செய்து காட்டினார். ஐரோப்பியர்களின் கோப்பர்நிகஸ் உயரத் தரவு, 2011 முதல் 2015 வரை ஜெர்மன் ரேடார் செயற்கைக்கோள்கள் அளந்தது. அதிலிருந்து எஸ்ஆர்டிஎம்-ஐக் கழித்தார். மாறாத இடமெல்லாம் சாம்பல் நிறம். குழிந்தது நீலம், மேடானது சிவப்பு. அரியலூரைச் சுற்றி நீலத் திட்டுகள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் மேல்மண்ணைக் கொட்டிய சிவப்புத் திட்டு. வெட்டிய தோப்புகளும் நீலமாகவே வந்து ஏமாற்றுகின்றன. எது குழி, எது தோப்பு என்பதை மைன்ஸில் வேலை பார்த்தவர் பார்த்த மாத்திரத்தில் பிரித்துச் சொன்னார். 2015-க்குப் பிறகு வெட்டியதற்கு இந்தத் தரவும் உதவாது. செயற்கைக்கோள் படத்தில் ஓரத்தைப் பிடித்து, படிகளை எண்ணி, ஆழத்தைக் கையால் தோண்டுகிறார். “மைன்ஸ்ல ஆறு மாசத்துல தோண்டுனத நான் ஒரு மத்தியானத்துல தோண்டிடுவேன் சார்” என்று சிரித்தார்.

ரயில் ஜன்னலிலிருந்து தெரியாத குழியை எதற்காகத் தோண்ட வேண்டும்? கேட்டேன். தண்டவாளத்துக்கு இரு பக்கமும் கண்ணுக்கெட்டும் தூரம் மட்டும் சரிசெய்தால் போதும் என்பதுதான் ரூட் கட்டுகிறவர்கள் வழக்கமும். “சரக்கு ரயில் இங்க எதுக்கு நிக்குதுன்னு ஓட்டுறவனுக்குத் தெரிய வேண்டாமா?” என்றார். பதில் எனக்குப் பிடித்திருந்தது. நிஜ லோகோ பைலட்டும் ஒரு பிரிவில் தனியாக ஓட்டுவதற்கு முன், இரவுப் பயணம் உட்பட, லேர்னிங் ரோடு போய்ப் பாதையைப் படித்துக் கையெழுத்துப் போட்டாக வேண்டும்.

கிளம்பும்போது தம்பி இன்னொரு கோப்பைத் திறந்தார். அரியலூரிலிருந்து பெரம்பலூர், துறையூர் வழியாக நாமக்கலுக்கு ரயில் வேண்டும் என்று இந்தப் பக்கம் காலங்காலமாகக் கேட்டு வருகிறார்கள். மண் தரவு இருக்கிறது, தண்டவாளம் இருக்கிறது, பிறகென்ன என்று அதையும் போட ஆரம்பித்துவிட்டார்கள். பெரம்பலூர் வரை 150-க்கு 1-க்கு மேல் ஏறாமல் பாதை கிடைத்துவிட்டதாம். பச்சைமலையை எந்தப் பக்கம் சுற்றுவது என்பது இன்னும் முடிவாகவில்லை. ஆனால் சண்டை அதில் இல்லை, பெரம்பலூர் ஸ்டேஷனை எங்கே வைப்பது என்பதில்தான். தம்பிக்கு நான்கு ரோடு பக்கத்திலேயே வேண்டும். அங்கே நிலம் விற்கிற விலைக்கு ரயில்வே எங்கே வாங்கப்போகிறது, ஊருக்கு வெளியேதான் கொடுப்பான், அங்கிருந்து பஸ் ஏறித்தான் வர வேண்டும் என்கிறார் மூத்தவர்.