நோயும் மகப்பேறும்

‘ஆண்மை’ என்னுஞ் சொல் தமிழில் அளவிறந்த சுமையைத் தாங்கி நிற்கின்றது. வீரம், ஆளுந்திறன், பிள்ளை பெறும் ஆற்றல் ஆகிய யாவும் அதனுள் அடங்கிவிடுகின்றன. பரிமேலழகர் உரையில் திருக்குறளின் ஏழாம் அதிகாரத்துக்குப் ‘புதல்வரைப் பெறுதல்’ என்பதே பெயர். எனினும், பேறு வாய்க்காதவிடத்துக் குறை பெண்ணின் தலையிலேயே ஏற்றப்படுகின்றது. வன்னியிலும் இதுவே வழக்கு. புதூர் நாகதம்பிரானுக்கு நேர்த்தி வைப்பவளும், வற்றாப்பளைக் கண்ணகையம்மனின் வைகாசிப் பொங்கலுக்கு நடந்து செல்பவளும் அவளே. கணவனின் விந்தைப் பரிசோதிக்க வேண்டுமென வாய்திறப்பார் மிக அரியர். 2009 இல் முடிவுற்ற போரிற் பிள்ளைகளைப் பறிகொடுத்த வீடுகள் மலிந்த மண்ணில், பேரப்பிள்ளைக்கான ஏக்கத்தைக் குறைகூறவும் மனம் ஒப்பவில்லை.

எனது உறவினர் ஒருவர் வெளிநாட்டிலே தொழில் செய்து திரும்பியவர். தமக்கு எச்.ஐ.வி. தொற்று உண்டென அறிந்தபின் அவர் என்னிடம் கேட்டது ஒரேயொரு கேள்விதான்: “தம்பி, உந்தக் குளிசையளைப் போட்டா எனக்குப் பிள்ளை பிறக்குமோ?” பல்கலைக்கழகத்திற் படிப்பவன் எதையும் அறிவான் என்பது எம்மூரார் நம்பிக்கை; சோழர் கல்வெட்டுப் படிப்பவனுக்கும் அதில் விலக்கில்லை. அவருடைய மனைவிக்குத் தொற்றில்லை. அவளுக்கு உண்மை தெரியும், தாய்க்குத் தெரியாது. அவளைப் பாதுகாக்கும் பொருட்டு இருவரும் ஆணுறையைக் கைவிடாதிருக்க, தாயோ மருமகளை மலடி என்று ஏசத் தொடங்கியிருந்தார்.

அக்கேள்வியின் பொருட்டு நான் தேடிப் படித்தவற்றைக் கூறுகின்றேன். நோய் முற்றி உடலின் எதிர்ப்பாற்றல் குன்றுங்கால், ஆணின் இயக்குநீராகிய டெஸ்டோஸ்டெரோன் குறைகின்றது; விந்தணுக்களின் தொகையும் அசைவும் குறைவதுண்டு. இடைவிடாத காய்ச்சலும் உடல் மெலிவும் அதற்குத் துணைபோகின்றன. ஆகவே நோயை அடக்கும் மருந்து பெரும்பாலும் இவ்வாற்றலைக் காக்கவே செய்கின்றது. மருந்துகள் யாவும் ஒரே தன்மையன அல்ல என்பதும் உண்மையே. எவாவிரென்ஸ் விந்தணுவின் அசைவைக் குறைக்கக்கூடுமென ஆய்வொன்று காட்டிற்று. ஆயின் 2019 இல் உலக சுகாதார நிறுவனம் டொலுடெகிரவிர் என்பதையே முதன்மை மருந்தாகப் பரிந்துரைத்தது.

பிறக்குமோ என்பதிலும், மனைவிக்குத் தீங்கின்றிப் பிறக்குமோ என்பதே அவரை உறுத்திய வினா என்று பின்னரே விளங்கிற்று. வைரசு விந்துநீரிலும் அதிலுள்ள வெண்கலங்களிலுமே பெரிதும் தங்குகின்றது. இதனைக் கண்டு, விந்தணுக்களை வேறாகக் கழுவிப் பிரித்தெடுத்து மனைவியின் கருப்பையிற் செலுத்தும் முறையை மிலான் நகரத்து மருத்துவர் செம்பிரினி கையாண்டார். 1992 இல் அவர் வெளியிட்ட கட்டுரையில், அவ்வாறு சிகிச்சை பெற்ற 29 பெண்களுள் ஒருவருக்கேனும் தொற்று ஏற்படவில்லை. செலவு மிக்க அம்முறை எங்கள் ஊரவர் கைக்கு எட்டுவதன்று.

நல்வாய்ப்பாக, மருந்தே எளிய வழியைத் திறந்துவிட்டது. ஒன்பது நாடுகளைச் சேர்ந்த 1,763 இணையரைக் கொண்ட ஆய்வொன்று 2011 இல் முதன்முதலாகத் தன் முடிவை அறிவித்தது. சென்னையும் அதன் களங்களுள் ஒன்று. தமிழகத்தில் 1986 இல் இந்நோயை முதலிற் கண்டறிந்தோருள் ஒருவராகிய டொக்டர் சுனிதி சொலமன் நிறுவிய நிலையமே அங்கு பணியாற்றிற்று. உடனே மருந்து தொடங்கியோரிடமிருந்து துணைவருக்குத் தொற்றுவது 96 வீதம் குறைந்தது. குருதியில் வைரசு கண்டறிய முடியாத அளவுக்குத் தாழ்ந்து நிலைத்திருப்பின் உடலுறவால் அது பரவுவதில்லை என்பதைப் பிற்கால ஆய்வுகள் உறுதிசெய்தன.

இலங்கையில் இம்மருந்து இலவசமாகக் கிடைக்கின்றது. தாயிடமிருந்து சேய்க்குத் தொற்றுவதை ஒழித்த நாடென 2019 இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை ஏற்றுக்கொண்டது. இவ்வளவு நெருங்கிய நன்மையை எம்மவர் அறியாதிருப்பதற்கு வறுமையிலும் பார்க்க வெட்கமே காரணம் என்பது என் எண்ணம். சிகிச்சை நிலையத்துக்குச் செல்வோர், தெரிந்த முகம் எதிர்ப்படுமோ என்று அஞ்சி வேற்றூர் வைத்தியசாலையை நாடுவதையும் கண்டிருக்கிறேன்.

அவரிடம் இவற்றைச் சொன்னபோது நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர் மனைவியையும் உடனழைத்துக்கொண்டு மருத்துவரிடஞ் சென்றார். குருதியில் வைரசின் அளவு தாழ்ந்திருப்பினும், அது நிலைத்திருப்பதை உறுதிசெய்ய மறுபடியும் பரிசோதிக்க வேண்டுமென்று மருத்துவர் கூறினாராம். அதுவரை ஆணுறையை விடவேண்டாமென்றும் சொல்லியிருக்கின்றார். தாய் இம்முறையும் வற்றாப்பளைக்கு மருமகளைக் கூட்டிச் செல்ல நாள் பார்த்திருக்கின்றார். மகனும் உடன்போக இசைந்துள்ளார்.