கையளவு விண்கலம்

விண்கல வடிவமைப்பை வகுப்பறைக்குள் மட்டும் கற்பித்துவிட இயலாது. சுற்றுப்பாதையின் சமன்பாடுகளைக் கரும்பலகையில் எழுதலாம். ஒரு திருகாணியை இறுக்க மறந்தால் என்ன நேரும் என்பதைக் கரும்பலகை காட்டாது. 1999ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஜோர்டி புய்க்-சுவாரி, பாப் டுவிக்ஸ் என்னும் பேராசிரியர் இருவர் இதற்கொரு வழி கண்டனர். ஒவ்வொரு பக்கமும் 10 செ.மீ. கொண்ட கனசதுரம், எடை ஏறத்தாழ 1 கிலோ. மின்கலம், கணினி, வானொலி அனைத்தும் அதற்குள் அடங்க வேண்டும். மாணவர் தம் படிப்பு முடிவதற்குள் செய்து முடிக்கத்தக்கதாக ஒரு விண்கலம் வேண்டும் என்பதே அவர்கள் நோக்கம். அதற்குக் 'கியூப்சாட்' என்று பெயரிட்டனர்.

நோக்கம் நன்று, நடைமுறை அத்துணை எளிதன்று. புனே பொறியியல் கல்லூரி மாணவர்கள் 2008இல் தொடங்கிய 'ஸ்வயம்' செயற்கைக்கோள் விண்ணை எட்ட எட்டு ஆண்டுகள் ஆயின. பொறியியல் படிப்போ நான்கே ஆண்டு! மூத்தோர் விடைபெற்றுச் செல்ல, இளையோர் வந்து பணியைத் தொடர்ந்தனர். இத்தகைய பணியில், முன்னவர் ஒரு மின்சுற்றை ஏன் தேர்ந்தார் என்பது குறிப்பேட்டில் இல்லையெனில், பின்னவர் முதலிலிருந்தே தொடங்க நேரும். தேர்வுக்கு முதல்நாள் நண்பரின் குறிப்பேட்டைத் தேடி அலையும் மாணவர்க்கு இத்தொல்லை புதிதன்று.

விண்ணில் கலம் தறிகெட்டுச் சுழலாமல் காப்பதும் பெருஞ்சிக்கலே. பெரிய செயற்கைக்கோள்களில் இதற்கெனச் சுழல் சக்கரங்கள் உண்டு. கையளவுக் கலத்தில் அவற்றுக்கு இடமேது? மாணவர்கள் காந்தத்தை நாடினர். திசைகாட்டியின் முள்போல அது புவியின் காந்தப்புலத்தோடு கலத்தை இணங்கி நிற்கச் செய்யும், மின்சாரம் தேவையில்லை. ஆயினும் முள் உடனே நிற்பதில்லை, இருபுறமும் ஊசலாடும். அவ்வூசலைத் தணிக்கத் தனி உலோகத் தண்டுகளையும் பொருத்தினர்.

அதன்பின் சோதனைகள். அதிர்வு மேடையில் வைத்துக் குலுக்குவர். காற்றகற்றிய அறையில் வெப்பமும் குளிரும் மாறிமாறித் தாக்கச் செய்வர். ஒரு பற்றவைப்பு விட்டுப்போயினும் விண்ணுக்குச் சென்று சரிசெய்வார் எவருமிலர். ஆகவே, குறை ஏதும் இங்கேயே வெளிப்படுவது நல்லூழ்.

2016 ஜூன் 22 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. சி-34 ஏவுகலம் 20 செயற்கைக்கோள்களைச் சுமந்து எழுந்தது. அவற்றுள் முதன்மையான கார்ட்டோசாட்டின் எடை 727.5 கிலோ, ஸ்வயத்தின் எடை 990 கிராம். அதன் பணியை முதன்முதல் தொடங்கிய மாணவர்கள் கல்லூரியை விட்டு அப்போது நான்காண்டுகளேனும் ஆகியிருந்தன.