கோட்டைவாசலுக்கு இந்தப் பக்கம் குற்றம். அந்தப் பக்கம் லைசென்ஸ்!

கடையநல்லூர் என்றில்லை, தமிழ்நாட்டில் எந்த ஊரில் வளர்ந்தவரைக் கேட்டாலும் அந்த அட்டையைச் சொல்வார்கள். பள்ளிக்கூடத்துப் பக்கத்துப் பெட்டிக்கடையில், ஷாம்பு பாக்கெட் சரத்துக்கு நடுவே தொங்கும். மடித்து ஒட்டிய துண்டுச் சீட்டுகள் வரிசையாக இருக்கும். காசைக் கொடுத்து ஒன்றைக் கிழித்தால் உள்ளே ஒரு நம்பர். அதே நம்பர் போட்ட பலூன் நமக்கு. உச்சியில் இருக்கும் அந்தப் பெரிய பலூன் மட்டும் யாருக்கும் விழாது. "அந்தச் சீட்டைக் கடைக்காரர் முன்னாடியே எடுத்து வெச்சுட்டார்" என்பது சிறுவர்களின் தீராத சந்தேகம்.

சிறுவர்களைக் குறை சொல்ல முடியாது. அமெரிக்காவில் இதே சங்கதி 'பஞ்ச் போர்டு' என்ற பெயரில் 20-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் கடை கடையாக இருந்தது. துளைகளுக்குள் சுருட்டி வைத்த சீட்டைக் குச்சியால் குத்தி எடுக்க வேண்டும். பெரிய பரிசு எந்தத் துளையில் இருக்கிறது என்ற குறிப்பையும் சேர்த்து வாங்கிக்கொண்ட கடைக்காரர்கள் அங்கே உண்டு. இன்று அதன் தம்பியான 'புல் டேப்' சீட்டை மின்னசோட்டா போன்ற மாநிலங்களில் உரிமம் பெற்ற தொண்டு அமைப்புகள்தான் நடத்தலாம். ஒரு பெட்டியில் மொத்தம் எத்தனை சீட்டு, எந்தப் பரிசு எத்தனை என்று எழுதிய விளம்பர அட்டை வாங்குபவர் கண்ணில் படும்படி இருக்க வேண்டும். பெரிய பலூன் உள்ளே இருக்கிறதா என்ற கேள்விக்கு அங்கே பதில் உண்டு.

தமிழ்நாட்டில் இந்த வியாபாரத்துக்கு உரிமமே கிடையாது. பரிசுத் திட்டங்களைத் தடை செய்யும் சட்டம் 1979-லேயே வந்துவிட்டது. டி.வி. விளம்பரங்களில் ஓரமாக 'தமிழ்நாட்டுக்குப் பொருந்தாது' என்று பொடி எழுத்தில் வருகிறதே, அதற்குக் காரணம் அதுதான். லாட்டரிக்கு 2003 ஜனவரியில் தடை வந்தது.

ஆனால், கடையநல்லூரில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் கதை மாறிவிடும்.

திருமங்கலத்திலிருந்து கொல்லம் போகும் நெடுஞ்சாலை ஊருக்கு நடுவே ஓடுகிறது. கைத்தறிச் சத்தத்துக்கும் வளைகுடாச் சம்பாத்தியத்துக்கும் பெயர் பெற்ற ஊர் இது. மேற்கே மலை கூடவே வரும். தென்காசி தாண்டி, சீசன் நேரமென்றால் குற்றாலத்துக் கூட்டத்தில் கொஞ்சம் சிக்கி, செங்கோட்டைக்கு முன்னால் பிரானூர். மர அறுவை மில்களும் புரோட்டாக் கடைகளும் நிறைந்த இந்த இடத்தை எல்லோரும் 'பார்டர்' என்றுதான் சொல்கிறார்கள். இங்கே எந்த மாநில எல்லையும் இல்லை. 1956 நவம்பர் 1-க்கு முன்னால் இருந்தது. செங்கோட்டை அப்போது திருவிதாங்கூர்-கொச்சியில். மாநிலப் பிரிப்பில் எல்லை மலைமேல் ஏறிவிட்டது. பெயர் மட்டும் இறங்காமல் புரோட்டாவோடு ஒட்டிக்கொண்டது.

உண்மையான எல்லை புளியரைச் சோதனைச் சாவடியைத் தாண்டி, எஸ் வளைவுகளில் ஏறினால் வரும் கோட்டைவாசல். அதைக் கடந்து ஆரியங்காவு. சாஸ்தா கோயிலுக்கு வருகிறவர்கள், கார்த்திகை மார்கழியில் மாலை போட்ட சாமிமார்கள், சும்மா மலை பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது நின்று பார்ப்பது லாட்டரி ஸ்டாலைத்தான். கீழே புளியரையில் விற்றால் கைது, மேலே விற்றால் பிழைப்பு. சீட்டு ஒன்றுதான்.

கேரள அரசு லாட்டரி 1967-ல் தொடங்கியது. முதல் குலுக்கல் 1968 குடியரசு தினத்தன்று. சீட்டு விலை 1 ரூபாய், முதல் பரிசு 50,000. அதே 1968-ல் அண்ணா ஆட்சியில் தமிழ்நாட்டிலும் அரசுப் பரிசுச் சீட்டு வந்தது. 'விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு' என்ற விளம்பரம் பெரியவர்களுக்கு இன்னும் ஞாபகம் இருக்கும். பிறகு வெளிமாநிலச் சீட்டுகள், சுரண்டல் லாட்டரி, ஒரு நம்பர் லாட்டரி என்று போய், கூலியை வீட்டுக்குக் கொண்டுபோகாத ஆண்கள் தெருவுக்குத் தெரு பெருகினார்கள். தடை வந்தபோது பெண்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டதில் ஆச்சரியமில்லை.

1998-ல் வந்த மத்திய லாட்டரி ஒழுங்குமுறைச் சட்டம் இந்த வியாபாரத்துக்குக் கடிவாளம் போட்டது. முன்கூட்டியே அறிவித்த எண்ணுக்கோ ஒற்றை இலக்கத்துக்கோ பரிசு கூடாது. சீட்டை அரசே அச்சிட வேண்டும், குலுக்கலை அரசே நடத்த வேண்டும். வாங்க ஆள் வராத பரிசு அரசுக்கே. ஒரு லாட்டரிக்கு வாரத்தில் ஒரு குலுக்கலுக்கு மேல் ஆகாது. கேரளம் இதற்குக் கண்டுபிடித்த வழி கொஞ்சம் சுவாரஸ்யமானது. பாக்யதாரா, ஸ்த்ரீ சக்தி, தனலட்சுமி, காருண்யா பிளஸ் என்று கிழமைக்கு ஒரு பெயர் வைத்தது. ஏழு லாட்டரி, ஏழு குலுக்கல். சட்டமும் மீறவில்லை, கடையும் மூடவில்லை!

திருவனந்தபுரத்தில் மதியம் 3 மணிக்குக் குலுக்கல். முடிவு வந்ததும் ஸ்டாலில் ஒட்டிவிடுவார்கள். அதை நம்பிச் சீட்டைக் கிழித்துப் போட வேண்டாம், அரசிதழோடு ஒப்பிட்டுப் பாருங்கள் என்பது அரசின் அறிவுரை. 5,000 ரூபாய் வரை கேரளத்தின் எந்த லாட்டரிக் கடையிலும் வாங்கிக்கொள்ளலாம். அதற்கு மேல் என்றால் 30 நாளுக்குள் அடையாளச் சான்றுடன் வங்கியிலோ லாட்டரி அலுவலகத்திலோ கொடுக்க வேண்டும். 2023 ஓணம் பம்பரில் 25 கோடி அடித்தது தமிழ்நாட்டுக் கொங்குப் பகுதி நண்பர்கள் நான்கு பேருக்குத்தான். வாளையாரில் வாங்கிய சீட்டு. பணம் முறையாகவே போய்ச் சேரும்.

முழுதாகப் போய்ச் சேராது என்பது வேறு விஷயம். 1 கோடி விழுந்தால் முதலில் ஏஜென்ட் கமிஷன், மீதியில் 30 விழுக்காடு வருமான வரி, அதற்கு மேல் சர்சார்ஜ். கைக்கு வருவது 60 லட்சத்தைச் சுற்றித்தான். விழாதவர்கள் கட்டும் வரியும் குறைவில்லை. 2025 செப்டம்பரில் ஜி.எஸ்.டி. 28-லிருந்து 40 விழுக்காடானதால், 50 ரூபாய்ச் சீட்டில் 14 ரூபாய்க்கு மேல் வரி. அச்சாவது ஏறத்தாழ ஒரு கோடி சீட்டு, முதல் பரிசு ஒன்று. அரசு நடத்தும் சூதும் சூதுதான். தினக்கூலியில் பாதியை அங்கே நீட்டுகிறவரை எந்த உரிமமும் தடுப்பதில்லை.

ஆனால், மலைக்குக் கீழே நடப்பது இன்னும் மோசம். அந்த 3 மணி முடிவுக்குத் தமிழ்நாட்டின் பல ஊர்களிலும் ஆட்கள் காத்திருக்கிறார்கள், கையில் கேரளச் சீட்டே இல்லாமல். 'மூணு நம்பர்' என்பார்கள். முதல் பரிசு எண்ணின் கடைசி மூன்று இலக்கத்தைச் சொல்லிப் பணம் கட்டுவது. ரசீது என்றால் ஒரு துண்டுத் தாள். இப்போது வாட்ஸ்அப்பில் ஒரு மெசேஜ். வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்று. அப்படியானால் 10 ரூபாய்க்கு 10,000 கொடுத்தால்தான் கணக்கு நேர். அப்படிக் கொடுத்தால் புரோக்கருக்கு மிச்சம் ஏது? விழுந்தும் கொடுக்காவிட்டால் யாரிடம் போய்க் கேட்பது? போலீஸில் சொன்னால் கட்டினவரும் மாட்டுவார்.

2019 டிசம்பரில் விழுப்புரத்தில் நகைத் தொழிலாளி ஒருவர் இந்த மூணு நம்பர் லாட்டரியில் கடனாளியாகி, மனைவி, மூன்று பெண் குழந்தைகளோடு இறந்துபோனார். சட்டமன்றம் வரை பேசப்பட்டது. தமிழ்நாட்டில் லாட்டரிக்குத் தடை வந்து அப்போது 16 வருஷம் ஆகியிருந்தது. கைதுகள் இன்றும் நடக்கின்றன. பெரும்பாலும் சிக்குவது டீக்கடை ஓரத்தில் நம்பர் எழுதுகிற கடைசி ஆள்தான்.

கேரளத்தில் நேரில் போய்ச் சீட்டு வாங்குவது தமிழ்நாட்டுக்காரருக்குக் குற்றமில்லை. கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து இங்கே விற்பது குற்றம். ஆன்லைனில் கேரள லாட்டரி என்று யார் லிங்க் அனுப்பினாலும் அது மோசடி; கேரளம் விற்பது காகிதச் சீட்டு மட்டுமே.

சாயங்காலம் புளியரை இறங்கும் பஸ்ஸில் சட்டைப் பைகளில் நாளைய சீட்டு இருக்கும். மழைக்கால மாதங்களில் ஜன்னலைத் திறந்தால் சாரல் அடித்துச் சீட்டு நனையும் என்பதால், அதை மடித்து ஆதார் அட்டையோடு பிளாஸ்டிக் கவரில் வைத்துக்கொள்வார்கள். எப்படியும் பரிசு விழுந்தால் இரண்டையும் சேர்த்துத்தான் நீட்ட வேண்டியிருக்கும்.