பன்னிரண்டு வோல்ற்

ஒன்ராறியோ மாகாணப் பூங்காக்களில் மின் இணைப்புள்ள இடம் பிடிப்பது கல்யாண மண்டபம் பிடிப்பதைவிடக் கடினம். ஐந்து மாதம் முன்னதாக, காலை 7 மணிக்குப் பதிவு திறக்கும். கோடை வாரஇறுதி என்றால் தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிடும். அதனால் எங்கள் பழைய ட்ரெய்லரின் கூரையில் சூரியத் தகடு பூட்ட முடிவெடுத்தேன். நண்பர்கள் சுற்றுச்சூழல் அக்கறை என்று பாராட்டினார்கள். எனக்குத் தேவைப்பட்டது அப்பாவுக்கு ஓர் இரவில் எட்டு மணி நேர மின்சாரம்.

அப்பாவுக்கு 79 வயது. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் நோய். இரவு முழுவதும் முகமூடி வழியாகக் காற்றை அழுத்தித் தரும் சீபாப் மெஷின் ஓடவேண்டும். அது வந்தபின் ஆறு வருடமாக அவர் ஸ்காபரோவில் தன் கட்டிலைவிட்டு வேறெங்கும் தங்கியதில்லை. மொன்றியலில் நடந்த கல்யாணத்துக்குக்கூடப் போய் அன்றிரவே திரும்பினோம். முகமூடியோடு தன்னை ஒருவரும் பார்க்கக்கூடாது. என் மகளும்தான். "கரண்டிலை மூச்சு விடுற ஆளை ஏன் தம்பி காட்டுக்குள்ளை கொண்டு போறாய்?" என்பார்.

கரண்ட் இல்லாமல் ஐந்து வருடம் எங்களை வளர்த்தவர் அவர். 1990 இல் போர் மறுபடி தொடங்கியபின் யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் வரவில்லை. பற்றறிக்குத் தடை. மண்ணெண்ணெய் யானை விலை. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சு, அது நனையும் அளவுக்கு எண்ணெய், சைக்கிள் வால்வுக்குள்ளால் ஒரு திரி: அந்த வெளிச்சத்தில்தான் நான் படித்தேன். செத்த ரோச் பற்றறிகளை அப்பா மிளகாயோடு சேர்த்து முற்றத்து வெயிலில் காயவைப்பார். கொஞ்சம் உயிர் வரும். அதுவும் முடிந்தால் சைக்கிளைக் கவிழ்த்துவைத்து நான் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவில் ரேடியோ பாடும். 6 வோல்ற், 3 வாற். பி.பி.சி. தமிழோசை அரை மணி நேரம். கை சோர்ந்தால் செய்தி மங்கும். முக்கியமான செய்தி வரும் நேரத்தில்தான் எனக்குக் கை சோரும்.

ட்ரெய்லருக்கு 100 வாற் தகடுகள் இரண்டு வாங்கினேன். பற்றறியில்தான் நிறைய யோசித்தேன். ஈய அமிலப் பற்றறி மலிவு. ஆனால் பாதிக்குமேல் இறக்கினால் ஆயுள் குறையும். லிதியம் இரும்பு பொஸ்பேற் விலை கூட. கிட்டத்தட்ட முழுவதையும் பாவிக்கலாம். ஆனால் பூச்சியத்துக்குக் கீழே குளிர்ந்தால் சார்ஜ் பண்ணக்கூடாது, ஆகவே கார்த்திகை பிறந்ததும் கழற்றி நிலவறைக்குக் கொண்டுபோகவேண்டும். 100 அம்பியர் மணி லிதியம் ஒன்று எடுத்தேன். ஏறக்குறைய 1280 வாற் மணி. மெஷினில் ஈரப்பதனுக்குத் தண்ணீர் சூடாக்கும் பகுதிதான் மின்சாரத்தைக் குடிப்பது. அதை நிறுத்தி, இன்வேர்ட்டர் இல்லாமல் 12 வோல்ற் வயரில் நேரே கொடுத்தால் அப்பாவின் மெஷினுக்கு 30 வாற் போதும். எட்டு மணிக்கு 240.

கூரையில் போடும் ஒவ்வொரு ஆணித் துளையும் மழைக்கு ஒரு கதவு. கீழே பியூற்றைல் நாடா, மேலே பசை. வயருக்கென்று புதிதாகத் துளைக்காமல் பிறிட்ஜின் காற்றுப் போக்கி வழியாக இறக்கினேன். அப்பா கீழே கதிரையில் இருந்து, "தகட்டைச் சரிச்சுப் பூட்டு" என்றார். யாழ்ப்பாணத்தில் சித்திரை வருடப்பிறப்பை ஒட்டிச் சூரியன் நண்பகலில் நேர் உச்சியில் நிற்கும். ரொறன்ரோவில் அது ஒருநாளும் நடக்காது. யூன் 21 இல் 70 பாகை, டிசம்பரில் 23 தான். சரிப்பது நியாயம்தான். ஆனால் நாங்கள் கோடையில் மட்டும் போகிறவர்கள், நெடுஞ்சாலைக் காற்றுக்கும் தாங்கவேண்டும் என்று படுக்கையாகவே பூட்டினேன். அவர் அதை ஏற்கவில்லை.

போன ஆடியில் பொன் எக்கோ போனோம். மசினோ ஏரிக்கு மேலே 100 மீட்டர் செங்குத்துப் பாறை, அதில் பழங்குடிகள் சிவப்பில் வரைந்த 260 க்கும் மேற்பட்ட ஓவியங்கள். அப்பா பாறையைப் பார்த்ததைவிடப் பைன் மரங்களைத்தான் அதிகம் பார்த்தார். தகட்டின் ஒரு மூலையில் நிழல் விழுந்தாலும் மின்சாரம் சரியும் என்று நான் சொல்லியிருந்தேன்.

இரவு இரண்டு மணிக்கு எழும்பினேன். மெஷின் சத்தம் இல்லை. அப்பா இருட்டில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மடியில் முகமூடி. முன்னால் பற்றறி மீற்றர் 91 வீதம் என்று காட்டியது.

"ஏனப்பா, பழுதோ?"

"இல்லை. பன்னிரண்டு மணிக்கு நான்தான் நிப்பாட்டினன். நாளைக்கு மழை எண்டால் வேணுமெல்லே."

"மெஷின் இல்லாமல் படுக்கேலாதெல்லோ?"

"அதுதான் படுக்கேல்லை."

எனக்குக் கோபம் வந்தது. மூச்சு நின்றுவிடக்கூடாதென்று இத்தனையும் பூட்டினால், மனிதர் நாளைக்கென்று மிச்சம் பிடித்துக்கொண்டு விழித்திருக்கிறார். கத்தவில்லை, மகள் பக்கத்தில் படுத்திருந்தாள். அவள் படுத்தபடியே, "அப்பப்பா, அதைப் போட்டுட்டுப் படுங்கோ" என்றாள். எவ்வளவு நேரமாக விழித்திருந்தாள் தெரியாது. அப்பா முகமூடியை ஒளிக்கப் பார்த்தார், பிறகு விட்டுவிட்டார். ஆனால் மெஷினைப் போடவில்லை.

அடுத்த நாள் மழை. தகடு தந்தது விளக்குகளுக்கும் விசிறிக்கும் சரி. அன்றிரவு மகள் அவர் தலைமாட்டிலேயே உட்கார்ந்து மெஷினைப் போடவைத்தாள். விடிய மீற்றரில் 66. அப்பா முகம்கூடக் கழுவாமல் கடலை வாங்கிய பையின் பின்புறத்தில் கணக்குப் பார்த்தார்.

"ராவுக்கு இருபத்திநாலு வீதம். அப்ப வெயிலே வராட்டியும் இன்னும் ரெண்டு ராவு தாங்கும்."

"தாங்குமப்பா."

"சரி" என்றார். "எண்டாலும் அந்த விசிறியை நிப்பாட்டு."